கொக்ஸினெல்: வயர்லெஸ் டிரைவரில் சிதறிய நிபந்தனைகளைத் திரட்டும் கருவி

லினக்ஸ் கெர்னலில் ரியல்டெக்கின் வைஃபை 6, வைஃபை 7 சில்லுகளை இயக்கும் டிரைவருக்கு ஆர்டிடபிள்யூ89 என்று பெயர். 2022 ஜனவரியில் வெளியான 5.16 பதிப்பில் 8852ஏ சில்லுக்காக உள்ளே வந்தது. பிறகு 8852சி, 8852பி, 8851பி, 8922ஏ, 8852பிடி என்று குடும்பம் பெருகியது. இவற்றில் 8852பி, 8851பி, 8852பிடி மூன்றும் நெருங்கிய உறவு. பல ரெஜிஸ்டர்களை, அதாவது சில்லின் நடத்தையைத் தீர்மானிக்கும் சிறு நினைவிடங்களை, மூன்றுக்கும் ஒரே விதமாகத்தான் எழுத வேண்டும். அதனால் "சில்லு 8852பி ஆக இருந்தால், அல்லது 8851பி ஆக இருந்தால்" என்ற நிபந்தனை சில்லைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ கோப்பிலும் வானலை இணைப்பைக் கையாளும் மேக் (எம்ஏசி) கோப்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். புதுச் சில்லு வந்தால் அத்தனை இடத்திலும் இன்னொரு "அல்லது" சேர்த்தாக வேண்டும். ஓரிடம் விட்டுப்போனாலும் கம்பைலர் வாய் திறக்காது. சில்லும் இயங்கும், இணைப்பும் கிடைக்கும். ஏதோ ஒரு ரெஜிஸ்டர் மட்டும் எழுதப்படாமல் கிடக்கும். அதன் விளைவு எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும்போது காரணம் தேடியே நாள்கள் ஓடிவிடும்.

இதற்கான மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிபந்தனையை ஒரு சிறு ஹெல்பர் ஃபங்ஷனுக்குள் வைத்துப் பெயர் கொடுத்துவிடுவது. இந்த டிரைவரிலேயே ஆர்டிடபிள்யூ89_ஈஸ்_ஆர்டிஎல்885எக்ஸ்பி என்று ஒன்று இருக்கிறது. மூன்று சில்லில் எதுவானாலும் உண்மை என்று திருப்பும். அப்படியொரு ஹெல்பரை எழுத ஐந்து நிமிடம் போதும். ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் நிபந்தனைகளை ஒன்றுவிடாமல், பொருள் மாறாமல் அதற்கு மாற்றுவதில்தான் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பைக் குறைக்கும் கருவியாகக் கொக்ஸினெல் எப்படி என்று இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இப்போது இல்லை. ஆனால் இதைப் பயன்படுத்துவோர் பயப்பட வேண்டிய இடம் வேறு. தவறாக மாற்றிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள், அது அபூர்வம். சத்தமில்லாமல் சில இடங்களை விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும். அதுதான் கவனிக்க வேண்டியது.

கருவியும் அதைப் பெறும் வழியும்

கொக்ஸினெல் என்றால் பிரெஞ்சு மொழியில் பொறிவண்டு. செடியில் மொய்க்கும் அசுவினியைத் தின்று பயிரைக் காக்குமே, அதே வண்டு. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் ஜூலியா லாவல் உள்ளிட்டோர் வளர்த்தது. ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. ஜிபிஎல் 2 உரிமம், காசு இல்லை. 2008 யூரோசிஸ் மாநாட்டில் இதை விளக்கிய கட்டுரையே லினக்ஸ் டிவைஸ் டிரைவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான்: மையத்தில் ஒரு ஃபங்ஷன் மாறினால் அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான டிரைவர்களையும் மாற்ற வேண்டியிருக்கிறதே, அந்தச் சுமையைக் குறைப்பது. 2010 முதல் கெர்னல் மூலத்திலேயே இதற்கான விதிகள் தனி அடைவில் இருக்கின்றன. டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் களஞ்சியத்திலிருந்து நேரே நிறுவலாம். கருவியின் பெயர் கொக்ஸினெல் என்றாலும் ஓட்டும் கட்டளை ஸ்பேட்ச்.

எதை எதுவாக மாற்ற வேண்டும் என்பதை ஒரு பேட்ச் (மாற்றங்களின் பட்டியல்) வடிவிலேயே எழுதித் தருகிறோம். கழித்தல் குறி போட்ட வரி போக வேண்டியது. கூட்டல் குறி போட்டது வர வேண்டியது. மேலே இரண்டு @@ நடுவே எந்தெந்தப் பெயர் மாறக்கூடியது என்று அறிவிக்கிறோம். கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். படிக்க வசதியாக இங்கே தமிழில்:

@@
எக்ஸ்பிரஷன் டெவ்;
@@
- டெவ்->சிப்->சிப்_ஐடி == ஆர்டிஎல்8852பி || டெவ்->சிப்->சிப்_ஐடி == ஆர்டிஎல்8851பி
+ ஆர்டிடபிள்யூ89_ஈஸ்_ஆர்டிஎல்885எக்ஸ்பி(டெவ்)

இந்த ஐந்து வரியிலேயே கருவியின் பலம் முழுக்கத் தெரிகிறது. நிபந்தனை ஒரே வரியில் இருந்தாலும் இரண்டு மூன்று வரியாக உடைந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். டெவ் என்ற இடத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் பொருந்தும். ஆனால் இரண்டு பக்கமும் அதே பெயர்தான் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு சாதனம், வலப்பக்கம் வேறொரு சாதனம் என்று இருந்தால் தொடவே தொடாது. செட் (எஸ்இடி) போன்ற, எழுத்தைத் தேடி மாற்றும் உரைக் கருவியில் இதே வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே 8852பி என்று தேடினால் 8852பிடி என்பதன் முதற்பாதியும் சேர்ந்து சிக்கும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. இது எழுத்துகளைப் பார்ப்பதில்லை, சி மொழியின் சொற்களைப் பார்க்கிறது.

இன்னொன்று. கொக்ஸினெல் முன்செயலியை (கம்பைலுக்கு முன் மேக்ரோக்களை விரித்து, வேண்டாத பகுதியை நீக்கும் கருவி) ஓட்டாமலே மூலத்தைப் படிக்கிறது. அதனால் உங்கள் கெர்னல் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும் பகுதிகளும், அதாவது உறக்க நிலை ஆதரவு, பிழைதேட உதவும் டீபக்எஃப்எஸ் போன்றவற்றுக்காக இஃப்டெஃப் போட்டு அடைத்த கோடும் அதன் கண்ணில் படும். கிளாங் என்ற கம்பைலரின் அடிப்படையிலான கருவிகள் கம்பைல் ஆகும் பகுதியை மட்டுமே காணும். எந்தக் கோப்பு எந்தக் கட்டளையில் கம்பைல் ஆகிறது என்ற பட்டியலையும் முதலில் தயாரித்துக் கொடுக்க வேண்டும். டிரைவர்களில் பாதிச் சிக்கல் அமைப்புக்கு அமைப்பு மாறும் கோடில்தான் ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வேலையில் கொக்ஸினெல்லுக்கு நாம் முதலிடம் தருகிறோம்.

விட்டுப்போகும் இடங்கள்

மேலே எழுதிய விதியை அப்படியே ஓட்டினால் பாதிக் கூட வராமல் போகலாம். காரணம், டிரைவர் எழுதுவோர் நீளமான சங்கிலியை ஒவ்வொரு முறையும் எழுதுவதில்லை. ஃபங்ஷனின் தலையிலேயே சிப்_ஐடி என்று ஓர் உள்மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு அதை ஒப்பிடுவார்கள். அல்லது சிப் என்ற சுட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சிப்->சிப்_ஐடி என்று எழுதுவார்கள். ஆக, ஒரே நிபந்தனைக்கு மூன்று உருவம். மூன்றுக்கும் தனித்தனி விதி வேண்டும்.

உள்மாறிக்கான விதியில் முதலில் "மாறி = டெவ்->சிப்->சிப்_ஐடி" என்ற அறிவிப்பைப் பொருத்துங்கள். அதன் பிறகு <... என்றும் ...> என்றும் இரண்டு எல்லைக்குறி போட்டு, நடுவே மாற்ற வேண்டிய நிபந்தனையை எழுதுங்கள். அந்த அறிவிப்புக்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் மாற்று என்று பொருள். இடையில் அந்த மாறிக்குப் புது மதிப்பு தரப்படவில்லை என்பதை வென் != என்ற நிபந்தனையால் உறுதி செய்யுங்கள். சிப்_ஐடி மாறியை யாரும் மாற்ற மாட்டார்கள் என்று நினைத்து இதை விட்டுவிடுவோர் உண்டு. ஒரு வரி செலவில் உறுதி கிடைக்கும்போது விடத் தேவையில்லை.

மாற்றிய பின் அந்த உள்மாறி யாருக்கும் பயன்படாமல் நிற்கலாம். கம்பைலர் பயன்படாத மாறி என்று எச்சரிக்கும். அதை நீக்க அடுத்த விதி: அறிவிப்பு வரிக்குக் கழித்தல் குறி, அதன் பின் மூன்று புள்ளி, அந்தப் புள்ளிகளுக்கு "இந்த மாறி எங்கும் வரக்கூடாது" என்ற நிபந்தனை. இந்த விதியை முழு அடைவிலும் ஓட்டாமல், முந்தைய விதி தொட்ட கோப்புகளில் மட்டும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேட்சுக்குச் சம்பந்தமில்லாத பழைய குப்பையும் சேர்ந்து வெளியே வரும். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவார்.

அடுத்து, "அல்லது" சங்கிலியின் அடைப்பு. சி மொழியில் ஏ || பி || சி என்று எழுதினால் அது (ஏ || பி) || சி என்றே பிரியும். ஆகவே ஏ || பி என்ற விதி அந்த மூன்றின் உள்ளே பொருந்தும். பி || சி என்ற விதி பொருந்தாது, ஏனெனில் மரத்தில் அப்படி ஒரு கிளையே இல்லை. 8852ஏ || 8852பி || 8851பி என்று எழுதிய இடங்கள் இப்படித்தான் தப்பிப் போகின்றன. பிசிஐ கோப்பில் 8852ஏ சேர்ந்து வரும் இடங்கள் உண்மையாகவே உண்டு என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. முன்னால் வேறொன்று இருக்கும் வடிவத்தைத் தனியே எழுதுங்கள்: எக்ஸ் || பி || சி என்பது எக்ஸ் || ஹெல்பர் ஆக வேண்டும் என்று. வரிசை மாறி எழுதியவற்றையும் தனித்தனியே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு சில்லுக்கு இரண்டு வரிசை, மூன்று சில்லுக்கு ஆறு. பல வடிவங்களை ஒரே விதியில் மாற்றாகக் கொடுக்கும்போது நீளமானதை மேலே வையுங்கள். மேலிருந்து எது முதலில் பொருந்துகிறதோ அதையே கருவி எடுத்துக்கொள்ளும்.

எதிர்மறை வடிவத்தையும் மறந்துவிட வேண்டாம். "8852பி அல்ல, மேலும் 8851பி அல்ல" என்பது ஹெல்பருக்கு முன் ! போட்டதற்குச் சமம் என்பது நமக்குத் தெரியும். நீங்கள் எழுதித் தராத வரை கருவி அதைச் செய்யாது. ஸ்விட்ச் கூற்றுக்குள் அடுத்தடுத்து கேஸ் போட்டு எழுதியவை எந்த விதியிலும் விழாது. அவற்றை அப்படியே விடுவதே மேல். ஸ்விட்சை உடைத்து இஃப் ஆக்கினால் படிப்பவருக்குத்தான் கஷ்டம்.

மேக்ரோக்கள் தனிக்கதை. கொக்ஸினெல் மேக்ரோவை விரிப்பதில்லை. பார்த்தால் ஃபங்ஷன் மாதிரியோ கூற்று மாதிரியோ தெரிகிறதா என்று ஊகித்துப் படிக்கும். ஊகம் தவறினால் அந்த முழு ஃபங்ஷனையும் புரியாதது என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடும். அதற்குள் உங்கள் நிபந்தனை இருந்தால் போயிற்று. பார்ஸ்-சி என்ற தெரிவுடன் முதலில் ஒருமுறை ஓட்டினால் எந்தக் கோப்பில் எவ்வளவு பகுதி புரியவில்லை என்று கணக்குக் காட்டும். தொல்லை தரும் மேக்ரோவுக்கு எளிய வரையறை எழுதி மேக்ரோ-ஃபைல் தெரிவில் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விதி எழுதும்போது டெவ் என்பதை மாறக்கூடிய பெயராக அறிவிக்க மறந்துவிட்டால், டெவ் என்றே பெயர் வைத்த இடங்களை மட்டும் தேடும். ஆர்டிடபிள்யூடெவ் என்று எழுதிய இடமெல்லாம் போய்விடும். ஒற்றை எழுத்துப் பெயராக இருந்தால் "இது மாறக்கூடிய பெயரா?" என்ற எச்சரிக்கையைச் சில வேளை காணலாம், நீளமான பெயருக்கு அதை நம்பியிருக்க முடியாது. விதியிலேயே இலக்கணப் பிழை இருந்தால் "மைனஸ்: பார்ஸ் எரர்" என்று ஒரு வரியும் இட எண்ணும்தான் கிடைக்கும். புதிதாகக் கற்பவரை விரட்டிவிடும் அளவுக்குச் சுருக்கமான செய்தி. கருவியின் மிகப் பெரிய குறை எது என்று கேட்டால் இதையே சொல்வோம். பார்ஸ்-கொக்கி தெரிவில் விதிக் கோப்பை மட்டும் கொடுத்து, கருவி அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று முதலில் பார்த்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆக, விட்டுப்போனதை அறிய கருவியையே கேட்டுப் பயனில்லை. வேலை தொடங்கும் முன் கிட் கிரெப்பில் 8852பி என்ற மாறிலியை முழுச்சொல் தெரிவுடன் தேடி வரிகளைப் பட்டியல் எடுங்கள். முழுச்சொல் தெரிவு இல்லாவிட்டால் 8852பிடியும் கலந்து வரும். வேலை முடிந்ததும் மறுபடி தேடுங்கள். மிஞ்சிய ஒவ்வொரு வரிக்கும் இது ஏன் மிஞ்சியது என்று பதில் சொல்ல முடிய வேண்டும்: இது ஸ்விட்ச், இது அந்தச் சில்லுக்கு மட்டும் உரியது, இது சில்லுப் பட்டியல் என்று. பதில் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் விதியில் ஓட்டை இருக்கிறது.

தன்னையே அழைக்கும் ஹெல்பர்

தவறாக மாற்றுவது அபூர்வம் என்றோம். விதிவிலக்கு ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. ஹெல்பரின் உடலுக்குள்ளேயே அதே நிபந்தனைதான் இருக்கிறது. விதி அங்கேயும் பொருந்தும். மாற்றிய பின் ஹெல்பர் தன்னையே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுழலும். ஜிசிசி 12 முதல் இதற்கு எச்சரிக்கை உண்டு. பழைய கம்பைலர் வைத்திருப்பவருக்கு டிரைவர் ஏறும்போதுதான் தெரியும்.

ஹெல்பர் ஹெடர் கோப்பில் இருந்தால் சாதாரணமாகத் தப்பிவிடுகிறோம். அடைவைக் கொடுத்து ஓட்டும்போது கருவி ஹெடர்களை மாற்றுவதில்லை. ஆனால் ஹெடரில் உள்ள மற்ற இன்லைன் ஃபங்ஷன்களும் மாற வேண்டும் என்று இன்க்ளூட்-ஹெடர்ஸ் தெரிவைச் சேர்த்த மறுகணம் இந்தக் குழியில் விழுவோம். இரண்டு வழி இருக்கிறது. விதியை முதலில் ஓட்டிவிட்டு ஹெல்பரைக் கடைசியில் சேர்ப்பது ஒன்று. ஃபங்ஷன் பெயரையும் மாறக்கூடிய பெயராக அறிவித்து "ஹெல்பரின் பெயராக இருக்கக்கூடாது" என்று நிபந்தனை போடுவது மற்றொன்று. இரண்டாவதே நல்லது. விதியை நாளை மீண்டும் ஓட்டினாலும் அது பாதுகாப்பாக இருக்கும்.

உருவம் ஒன்று, பொருள் வேறு

கருவிக்குத் தெரிந்தது உருவம் மட்டும். ஹெல்பரும் பழைய நிபந்தனையும் ஒரே பொருள் தருகின்றனவா என்பதை எழுதுபவரே உறுதி செய்ய வேண்டும். வயர்லெஸ் டிரைவரில் இது வெறும் எச்சரிக்கை வாசகமாக நின்றுவிடுவதில்லை.

மேலே காட்டிய விதியையே மறுபடி பாருங்கள். பழைய நிபந்தனையில் இரண்டு சில்லு, ஹெல்பரில் மூன்று. அப்படியே ஓட்டினால் 8852பிடிக்கு நடத்தை மாறிவிடும். சில இடங்களில் அதுதான் வேண்டியது. சில இடங்களில் மூன்றாவது சில்லை வேண்டுமென்றே விட்டிருக்கலாம். பாதுகாப்பான முறை இது: முதல் பேட்சில் ஹெல்பருக்குள் அதே இரண்டு சில்லை மட்டும் வைத்து எல்லா இடத்தையும் மாற்றுங்கள். இதில் நடத்தை எள்ளளவும் மாறக்கூடாது. இரண்டாம் பேட்சில் ஹெல்பருக்குள் மூன்றாவது சில்லைச் சேருங்கள். பின்னால் சிக்கல் வந்து பைசெக்ட் செய்பவருக்கு, அதாவது பதிப்புகளைப் பாதிபாதியாகப் பிரித்துப் பிழை புகுந்த இடம் தேடுபவருக்கு, எந்த மாற்றம் காரணம் என்று ஒரே பார்வையில் தெரியும்.

மீடியாடெக்கின் எம்டி76 டிரைவரில் இன்னொரு பாடம். ஈஸ்_எம்டி7921 என்ற ஹெல்பர் பெயரைப் பார்த்தால் ஒரு சில்லுக்கு என்றுதான் தோன்றும். உள்ளே பார்த்தால் சில்லு எண் ஹெக்ஸில் 7961 ஆக இருந்தாலும் உண்மை, 7922 ஆக இருந்தாலும் உண்மை. 7922க்கு ஈஸ்_எம்டி7922 என்று தனி ஹெல்பரும் இருக்கிறது. அதேபோல் எம்டி7916க்கான ஹெல்பர் ஒப்பிடும் எண் 7906. பெயரை நம்பி விதி எழுதக்கூடாது. ஹெல்பரின் உடலைத் திறந்து படித்த பிறகே எழுத வேண்டும்.

இதைவிட நுணுக்கமானது மேக்80211 (கெர்னலின் பொதுவான வைஃபை அடுக்கு) பக்கம் உள்ள ஃபிரேம் (வானில் செல்லும் தரவுப் பொட்டலம்) வகைச் சோதனைகள். ஒரு ஃபிரேம் டேட்டாவா, பீக்கனா, பாதுகாக்கப்பட்டதா என்று அறிய ஃபிரேம் கன்ட்ரோல் புலத்தை முகமூடி போட்டு ஒப்பிடும் வரிகள் பழைய டிரைவர்களில் ஏராளம். கெர்னலின் பொது ஹெடரில் இவற்றுக்கெல்லாம் ஹெல்பர்கள் உண்டு: ஈஸ்_டேட்டா, ஈஸ்_பீக்கன், ஹாஸ்_புரொடெக்டட் என்று ஒரு வரிசையே இருக்கிறது. கொக்ஸினெல்லுக்கு ஏற்ற வேலை போலத் தோன்றும். அங்கே இரண்டு கண்ணி.

முதலாவது க்யூஓஎஸ் டேட்டா, அதாவது முன்னுரிமை குறித்த டேட்டா ஃபிரேம். அதன் துணைவகை மதிப்பு ஹெக்ஸில் 80. தரவு ஏதும் இல்லாத க்யூஓஎஸ் நல் ஃபிரேமுக்கு சி0. ஈஸ்_டேட்டா_க்யூஓஎஸ் ஹெல்பர் துணைவகை முழுவதையும் ஒப்பிடுவதில்லை. 80 என்ற அந்த ஒற்றை பிட் எழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஆகவே க்யூஓஎஸ் நல்லுக்கும் உண்மை என்றே சொல்லும். பழைய டிரைவரில் துணைவகை முழுவதும் 80க்குச் சமமா என்று எழுதியிருந்தால் அது நல் ஃபிரேமை விலக்கிவந்தது. ஹெல்பருக்கு மாற்றியதும், மின்சேமிப்பில் இருக்கும் கைபேசி தன் பொட்டலங்களைக் கேட்டு அனுப்பும் நல் ஃபிரேம்களும் அந்தக் கிளைக்குள் நுழையும். நுழைய வேண்டியதே சரி என்றும் இருக்கலாம். ஆனால் அது பிழைதிருத்தம், எளிமைப்படுத்தல் என்ற பெயரில் போகக்கூடாது.

இரண்டாவது பைட் வரிசை. அந்த ஹெல்பர்கள் வானிலிருந்து வந்த வடிவிலேயே, அதாவது லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில்) 16 பிட்டாகவே புலத்தைக் கேட்கின்றன. ஒப்பிடும் மாறிலியைக் கம்பைல் நேரத்திலேயே திருப்பிவிடுவதால் ஓடும் நேரத்தில் செலவு இல்லை, அழகான ஏற்பாடு. பழைய டிரைவரோ புலத்தை முதலில் சிபியு வரிசைக்கு மாற்றி எஃப்சி என்ற மாறியில் வைத்திருக்கும். விதி அந்த எஃப்சியையே ஹெல்பருக்குக் கொடுத்துவிட்டால் எக்ஸ்86 மடிக்கணினியில் எல்லாம் நன்றாக ஓடும், ஏனெனில் அங்கே இரண்டு வரிசையும் ஒன்றுதான். பிக் எண்டியனாக (பெரிய பைட் முதலில்) ஓடும் ஏத்தரோஸ் மிப்ஸ் ரவுட்டரில் ஒரு ஃபிரேமும் சரியாக அடையாளம் காணப்படாது. தடுக்கும் வழி: விதியில் எஃப்சியை வெறும் எக்ஸ்பிரஷன் என்று விடாமல் லிட்டில் எண்டியன் வகை என்றே அறிவியுங்கள். உள்மாறிகளின் வகையைக் கருவி தானே அறியும். ஸ்ட்ரக்ட் புலங்களின் வகையை அறிய ஹெடர்களையும் படிக்கச் சொல்ல வேண்டும், அப்போது வேகம் குறையும். மாற்றம் முடிந்ததும் ஸ்பார்ஸ் என்ற வகைச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள்; கெர்னலைக் கட்டும் மேக் கட்டளையில் சி=2 என்று கொடுத்தால் போதும். எண்டியன் குழப்பம் ஏதும் இருந்தால் அது வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.

ஓட்டும் வரிசை

முதல் ஓட்டத்தில் எதையும் மாற்ற வேண்டாம். கழித்தல் குறிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் பொருந்தும் வரிகளை மட்டும் காட்டும். வெளியீடு பேட்ச் மாதிரியே, கழித்தல் குறியோடுதான் இருக்கும். அதைத் தவறி மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். பிறகு உண்மையான விதியுடன் அடைவைக் கொடுத்து ஓட்டி, வெளியீட்டைக் கோப்பில் பிடித்துப் படியுங்கள். திருப்தி வந்தால் இன்-ப்ளேஸ் தெரிவு. அதற்கு முன் கிட் மரம் சுத்தமாக இருக்கட்டும், அது கோப்புகளின் மேலேயே எழுதும். ஒரு டிரைவர் அடைவு என்றால் சாதாரண மடிக்கணினியே தாங்கும். மொத்த வயர்லெஸ் அடைவுக்கும் ஓட்டுவதானால் ஜாப்ஸ் தெரிவில் கோர் எண்ணிக்கையைக் கொடுங்கள். கெர்னலோடு வரும் மேக் கொக்கிசெக் கட்டளையிலும் உங்கள் விதிக் கோப்பையும் அடைவையும் குறிப்பிட்டு ஓட்ட முடியும்.

வெளியீட்டின் அழகில் சிறு குறைகள் வரும். (ஏ || பி) && சி என்று இருந்தது (ஹெல்பர்) && சி என்று தேவையற்ற அடைப்போடு நிற்கும்; அதை நீக்க ஒரு வரி விதி சேருங்கள். மூன்று வரியாக உடைந்திருந்த நிபந்தனை சுருங்கியதும் தொடர்வரியின் உள்தள்ளல் கோணலாகும். பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச்சை ஸ்ட்ரிக்ட் தெரிவில் ஓட்டினால் உள்தள்ளல் கோணலைச் சொல்லும். நிபந்தனையின் நடுவே யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அது என்ன ஆயிற்று என்று கண்ணால் பாருங்கள்.

நடத்தை மாறவில்லை என்று சொல்லும் பேட்சுக்கு ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடுவதே வலுவான சான்று. கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் ஆப்ஜ்டிஃப் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. மாற்றத்துக்கு முன் ஒரு முறை பதிவு, பின் ஒரு முறை பதிவு, பிறகு ஒப்பீடு. இன்லைன் ஹெல்பர் என்பதால் பல ஃபங்ஷன்களில் இயந்திரக் கட்டளைகள் அப்படியே இருக்கும். வரி எண் மட்டும் மாறியதால் எச்சரிக்கை மேக்ரோவான வார்ன்_ஆன் இருக்கும் இடங்களில் வித்தியாசம் தெரியலாம். கம்பைலர் ஹெல்பரை உள்ளே விரிக்காமல் தனி ஃபங்ஷனாக வைத்தாலும் தெரியலாம். இவை பயப்பட வேண்டியவை அல்ல. ஒப்பீட்டுக் கட்டளையே தலைகீழாகியிருந்தால் நின்று பார்க்க வேண்டும்.

ஹெல்பரே வேண்டாத இடம்

கருவி கையில் இருக்கிறதே என்று எல்லா நிபந்தனையையும் சில்லுப் பெயர் ஹெல்பராக மாற்றுவதை நாம் ஏற்கவில்லை. இந்த நிபந்தனை ஏன் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "இந்தச் சில்லுகளில் புளூடூத்துடன் ஆன்டெனாவைப் பகிர வேண்டியிருக்கிறது" என்பது பதிலானால், சில்லின் பெயரை ஏன் கேட்க வேண்டும்? அந்தத் திறனையே கேட்கலாம். ராலிங்க் சில்லுகளுக்கான ஆர்டி2எக்ஸ்00 டிரைவர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: சில்லு எது, அதன் திருத்தம் எது என்று கேட்க ஒரு தொகுதி ஹெல்பர், ஹார்டுவேர் மறையாக்கம் உண்டா, புளூடூத் உடனிருப்பு உண்டா என்று கேட்க பெயரில் ஹாஸ்_கேப் வரும் இன்னொரு தொகுதி. ஆர்டிடபிள்யூ89இலும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தகவல் ஸ்ட்ரக்ட் இருக்கிறது. அதில் ஒரு புலம் சேர்த்தால் புதுச் சில்லு எழுதுபவர் தன் கோப்பிலேயே ஆம், இல்லை என்று நிரப்பிவிடுவார். வேறு எந்தக் கோப்பையும் தொட வேண்டாம். இரண்டு சில்லும் ஒரே வடிவமைப்பிலிருந்து வந்தவை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாதபோது மட்டும் பெயர் ஹெல்பர் சரி. இரண்டே இடத்தில் வரும் நிபந்தனைக்கு ஹெல்பரும் வேண்டாம், கொக்ஸினெல்லும் வேண்டாம். கையால் மாற்றிவிட்டுப் போகலாம்.

ஒரே டிரைவரில் பத்து இடத்துக்கு மேல், அல்லது பல டிரைவர்களில் ஒரே உருவம் என்றால் விதி எழுதுவதற்குச் செலவிடும் அரை நாள் வீணாகாது. கெர்னல் ஆவணத்தில் கொக்ஸினெல் பற்றிய பக்கம் ஓட்டும் முறைக்குப் போதுமானது. விதி மொழியைக் கற்க, மூலத்தோடு வரும் தயார் விதிகளைத் திறந்து படிப்பதே சிறந்த வழி.

பேட்ச் அனுப்பும்போது தலைப்பு வைஃபை என்று தொடங்கி, டிரைவர் பெயர் அடுத்து வரட்டும். வயர்லெஸ் பகுதியில் இப்போது அதுதான் முறை. ஓட்டிய விதியைச் சுருக்காமல் கமிட் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள். சரிபார்ப்பவர் அதைத் தன் மரத்தில் ஓட்டி, அதே வரிகள்தான் மாறுகின்றனவா, நீங்கள் காணாத ஏதாவது கூடுதலாகச் சிக்குகிறதா என்று தானே பார்த்துக்கொள்வார்.